தென்காசி ரோட்டில் ஐந்து வருடம்: என் வாட்டர்ப்ரூஃப் சேடில் பேக் அனுபவம்

பெங்களூர் விவேக் நகரிலிருந்து தென்காசியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 600 கிலோமீட்டர். வருடத்துக்கு நாலு தடவையாவது பைக்கில்தான் போவேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய், சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருமங்கலத்தில் திரும்பி ராஜபாளையம், அப்புறம் வீடு. குற்றாலச் சாரலுக்கு ஜூலையில் ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனையாமல் ஒரு வருடம் போனதில்லை.

2019 தீபாவளிக்கு அம்மாவுக்கு ஒரு மைசூர் சில்க் புடவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தையல் போட்ட நைலான் பை, மேலே அதன் கூடவே வந்த ரெயின் கவர். தொப்பூர் இறங்கும்போது பிடித்த மழை நாமக்கல் வரை விடவில்லை. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ரெயின் கவரின் அடியில் தொட்டி கட்டினாற்போல் தண்ணீர் நிற்கிறது, பை அதில் ஊறிக் கிடக்கிறது, புடவைச் சாயம் அப்பாவின் வேட்டி முழுக்க இறங்கியிருக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லாமல் புடவையை நிழலில் உலர்த்தினாள். அந்த வாரமே முடிவு பண்ணினேன், இனி ரெயின் கவரை நம்பப் போவதில்லை.

காரணம் எளிது. மழை மேலே இருந்து மட்டும் வருவதில்லை. 80-ல் போகும்போது பின்சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீர் கீழிருந்து வருகிறது. ஸ்ட்ராப் போகிற பக்கம் கவர் திறந்துதான் இருக்கும், அது வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. காற்றில் கவர் படபடத்துப் பறந்துபோவது வேறு.

ஒரு வருடம் பார்த்துப் பார்த்து 2020 கடைசியில் வாங்கியது, பின்சீட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற, தலா 25 லிட்டர் பிடிக்கிற ரோல் டாப் சேடில் பேக் ஒரு ஜோடி. ரோல் டாப் என்றால் ஜிப் இல்லாமல் வாயைச் சுருட்டி மடித்துப் பூட்டுவது. பிவிசி தார்ப்பாய்த் துணி, தையலே இல்லாமல் வெல்டிங் பண்ணியது. கடையில் எல்லோரும் துணியைத்தான் தடவிப் பார்க்கிறார்கள், எத்தனை டீனியர், அதாவது நூல் எவ்வளவு தடிமன், என்று கேட்கிறார்கள். துணி வழியாகத் தண்ணீர் வருவது அபூர்வம். வருவதெல்லாம் இணைப்பு வழியாகவும் வாய் வழியாகவும்தான். ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை, அதை உள்பக்கம் டேப் ஒட்டி மூடுகிறார்கள், அந்த டேப் முனையிலிருந்து மெல்ல உரியத் தொடங்கும். வெல்டிங்கில் இரண்டு தாளும் உருகி ஒன்றாகிவிடுகின்றன, உரிய எதுவும் இல்லை. ஜெர்மனியில் 1982-ல் தொடங்கிய ஓர்ட்லீப் கம்பெனி சைக்கிள் பைகளை முதலில் செய்ததே லாரி தார்ப்பாய்த் துணியில்தான். நம் ஹைவேயில் சிமென்ட் மூட்டையை மழையிலிருந்து காப்பாற்றுகிற அதே சரக்கு.

வாய்க்கு ரோல் டாப்தான் என் ஓட்டு. குறைந்தது மூன்று மடிப்பு மடிக்க வேண்டும், இரண்டு போதாது. பையை முட்ட முட்ட அடைத்தால் மூன்றாவது மடிப்பு வராது, அதனால் 25 லிட்டர் என்றால் 20 என்றே கணக்கு வையுங்கள். வாட்டர்ப்ரூஃப் ஜிப் என்று போட்டிருப்பதில் பெரும்பாலானவை சாரலுக்குத் தாங்கும், நாலு மணி நேர அடைமழைக்குத் தாங்காது. தண்ணீர் புகாமைக்கான தரக்குறி ஐபிஎக்ஸ் 7 என்று அட்டையில் பார்த்ததும் மயங்க வேண்டாம். அது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடப்பதற்கான சோதனை. வேகமாக வந்து அடிக்கிற தண்ணீருக்கு 5, 6 என்று வேறு சோதனைகள் இருக்கின்றன, நமக்கு வேண்டியது அதுவும்தான்.

வாங்கிய அன்றே நான் செய்தது, பஞ்சர் கடையில் ட்யூபைப் பார்ப்பதுபோல. காற்றோடு சேர்த்து மடித்துப் பூட்டி, தண்ணீர் பிடித்த பெரிய டப்பில் இணைப்புகளை ஒவ்வொன்றாக அமுக்கினேன். முதல் ஜோடியில் ஒரு மூலையில் குமிழ் வந்தது, கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார். இந்தச் சோதனையை வருடத்துக்கு ஒருமுறை, சாரலுக்குக் கிளம்பும் முன் இன்னும் செய்கிறேன்.

பெரிய பரீட்சை 2022 ஜூலையில் கர்நாடக மலைப்பகுதியில் இருக்கும் ஆகும்பேயில். பெங்களூரில் வருடம் முழுக்கப் பெய்வது 1,000 மில்லிமீட்டரை ஒட்டி, அங்கே 7,000-க்கும் மேல். இரண்டு நாள் விடாமல் அடித்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. ஆனால் அங்கேதான் இன்னொன்று புரிந்தது: தண்ணீர் புகாத பையிலிருந்து தண்ணீர் வெளியேயும் போகாது. ஈரத் துண்டை உள்ளே போட்டு மூடிவிட்டேன், மறுநாள் உலர்ந்த சட்டையெல்லாம் புழுங்கி நாற்றம். இப்போது ஈரத்துணிக்கென்று 10 லிட்டர் டிரை பேக் (தண்ணீர் புகாத சின்னப் பை) ஒன்று தனியாக வெளியே கட்டியிருக்கும். ரெயின்கோட்டும் அதில்தான். மழை பிடிக்கும்போது ரெயின்கோட்டுக்காக சேடில் பேக்கைத் திறந்தால் அதுவரை காத்ததெல்லாம் வீண்.

சூடுதான் பெரிய எதிரி. என் வண்டி ஹிமாலயன் 411, சைலன்சர் வலது பக்கம் மேல்நோக்கி வரும். ஒரு தடவை ஊரிலிருந்து திரும்பும்போது கரூர் தாண்டி பிளாஸ்டிக் தீயும் வாடை. ஸ்ட்ராப் தளர்ந்து பை சைலன்சரில் சாய்ந்து, அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை. சைக்கிள் பஞ்சர் பேட்ச் போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிற கடையில் இருந்த பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ட்யூப் இல்ல, தார்ப்பாய். தார்ப்பாய்க்குத் தார்ப்பாய்தான் ஒட்டும்" என்றார். துண்டு வெட்டி, சூடு காட்டி, உருளையால் அழுத்தி ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார். மூன்று வருடம் ஆகிறது, அந்த ஒட்டு அசையவில்லை. அதற்கப்புறம் வலது பக்கம் இரும்புத் தாங்கி வைத்து நாலு விரல் இடைவெளி விட்டேன்.

அலுமினியப் பெட்டியும் யோசித்தேன். பூட்டலாம், அது வசதி. ஆனால் வண்டி சரிந்தால் கால் அதனடியில் மாட்டும், மூலை நசுங்கினால் மூடி சரியாக உட்காராது, பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் அந்த அகலத்தோடு நுழைய முடியாது. எனக்குச் சரிவரவில்லை.

பழைய நைலான் பை? பரணில் கிடந்தது. போன வருடம் எடுத்தால் உள்பூச்சு பிசுபிசுத்துத் தோல் தோலாக உரிகிறது. ஈரக்காற்றில் அந்தப் பூச்சு அப்படித்தான் சிதையும். பிவிசிக்கு அந்தத் தொல்லை இல்லை, வெயில்தான் ஆகாது. விறைத்து, மடிப்பில் வெடிக்கும். அதனால் மடிக்காமல், வாயைத் திறந்து நிழலில் தொங்கவிடுகிறேன்.

இப்போது வலது பையின் மேல் மடிப்பில் வெள்ளைக் கோடு விழத் தொடங்கியிருக்கிறது. டப் சோதனையில் இன்னும் குமிழ் வரவில்லை. இந்தச் சாரலுக்கு இதோடு போய்விட்டு, தீபாவளிக்குள் அந்த ஒரு பையை மட்டும் மாற்றப் போகிறேன், இதே துணி, இதே வாய். அம்மாவின் புடவை இடது பையில் வரும்.