பைக் டூரிங், கேம்பிங், சாரிட்டி ரைடு: பல வருஷம் ஓட்டினப்புறம் எந்த சாமான் நின்னுச்சு, எது நிக்கல

ஒரு டென்டோ பேகோ நல்லதா இல்லையான்னு வாங்கின மொத வாரத்துல சொல்லவே முடியாது. கடையில விரிச்சுக் காட்டும்போது எல்லா டென்டும் நல்லாத்தான் இருக்கும். நாள் பூரா வண்டி ஓட்டி கை மரத்து, இருட்டிப்போய், மழையும் பிடிச்சிருக்கும்போது அந்த சாமான் சொன்ன பேச்சு கேக்குதான்னு பாக்கணும். பல வருஷமா தனியாவும் குரூப்பாவும், நன்கொடை திரட்டுற சாரிட்டி ரைடுலயும் பைக் ஓட்டினதுல நான் வெச்சுக்கிட்ட ஒரே அளவுகோல் இதுதான். சொந்த டூர்னா வானம் சரியில்லேன்னு ஒரு நாள் தங்கிட்டுப் போகலாம், சாரிட்டி ரைடுல அந்த வசதி கிடையாது, தேதி முடிவாகி பணம் குடுத்தவங்க போய்ச் சேர்ற இடத்துல காத்திட்டு இருப்பாங்க, மழையோ காத்தோ கெளம்பித்தான் ஆகணும். அதனால என்னோட சாமான் எதெதுக்கு என்ன லட்சணம்னு காட்டிக் குடுத்ததெல்லாம் பெரும்பாலும் அந்த ரைடுங்கதான்.

டென்டுல இருந்து ஆரம்பிக்கிறேன், காசும் அதிகமா போறது இதுலதான், ஏமாற்றமும் இதுலதான் அதிகம். ரெண்டு வகை இருக்கு. உள் டென்டை மொதல்ல நிறுத்திட்டு மேல ஃப்ளை, அதாவது மழையைத் தடுக்கிற வெளித்துணி, போடுறது ஒண்ணு, ஃப்ளையும் உள்ளதும் சேர்ந்தே மாட்டி இருந்து ஒரே தடவையில நிக்கிறது இன்னொண்ணு. மொத வகையில மழை வந்தா ஃப்ளையை எடுத்துப் போடுறதுக்குள்ள தரை நனைஞ்சிடும், ராத்திரி பூரா அந்த ஈரத்துலதான் படுக்கணும். பைக்ல போறவங்களுக்கு ரெண்டாவது வகைதான்னு நான் அடிச்சு சொல்லுவேன், கொஞ்சம் எடை கூட இருந்தாலும் சரி, நாம என்ன முதுகுலயா தூக்கிட்டுப் போறோம். அதே மாதிரி தனியா போனாலும் ரெண்டு பேர் டென்ட்தான் வாங்கணும், ஏன்னா ஜாக்கெட், ஹெல்மெட், பூட்ஸ், டேங்க் பேக் எல்லாம் உள்ள வரும். முன்னாடி ஒரு சின்ன தாழ்வாரம் மாதிரி ஃப்ளை நீட்டி இருந்தா ஈர பூட்ஸை அங்கயே கழட்டி வெச்சுட்டு உள்ள போயிடலாம், இந்த ஒரு வசதி எவ்வளவு பெருசுன்னு தொடர்ந்து மழையில ஓட்டினவங்களுக்குத் தெரியும்.

விளம்பரத்துல 3000 மிமீ, 5000 மிமீன்னு போட்டிருப்பாங்க. துணி மேல எவ்வளவு உயரத்துக்கு தண்ணி நின்னா கசிய ஆரம்பிக்குதுங்கிற கணக்கு அது. மேல் துணிக்கு 2000, 3000 இருந்தாலே மழைக்கு தாங்கும், தரைக்குத்தான் அதிகம் வேணும், முட்டி போட்டு உக்காரும்போது அந்த அழுத்தம் முழுக்க தரையிலதான் இறங்குது. ஆனா நான் பாத்த வரைக்கும் துணி வழியா கசிஞ்சதை விட தையல் வழியா கசிஞ்சதுதான் அதிகம், அதனால தையல் மேல ஒட்டின டேப் ஓரத்துல எழும்பி இருக்கான்னு சீசனுக்கு ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க. காலையில உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைஞ்சிருந்தா உடனே கசியுதுன்னு முடிவு பண்ணாதீங்க, முக்கால்வாசி நேரம் அது நாம விட்ட மூச்சுதான், மழை பெய்யும்போதும் காத்து போற ஜன்னலை மூடாம விட்டா பாதி குறைஞ்சிடும். நைலான் துணி தண்ணி குடிச்சு தொய்யும், பாலியஸ்டர் அவ்வளவா தொய்யாது, நைலான் டென்ட்னா படுக்கப் போறதுக்கு முன்னாடி கயித்தை இன்னொரு தடவை இழுத்துக் கட்டிட்டுப் படுக்கணும்.

என்னோட பழைய டென்ட் ஒண்ணு கிழிஞ்சோ உடைஞ்சோ போகல. உள்பக்கம் பூசின பாலியூரித்தேன் படலம் பிசுபிசுன்னு ஆகி, விரிக்கும்போது பரபரன்னு ஒட்டிப் பிரிஞ்சு, ஒரு புளிச்ச வாடை வந்துச்சு. ஈரப்பதம் அந்தப் படலத்தை மெல்ல மெல்ல சிதைச்சா இப்படி ஆகும், கழுவி எல்லாம் சரி பண்ண முடியாது. காலையில நனைஞ்ச டென்டை சுருட்டித்தான் கட்ட வேண்டி வரும், வேற வழியில்ல, ஆனா மத்தியானம் நிக்கிற இடத்துல வண்டி மேலயே விரிச்சுப் போட்டா அரை மணி நேரத்துல காஞ்சிடும், வீட்டுக்கு வந்தப்புறம் நல்லா காய வெச்சு உறைக்குள்ள இறுக்கி திணிக்காம தளர்வா வைக்கணும். இப்ப இருக்கிற டென்டை இந்த மாதிரி பாத்துக்கிட்டதால அதோட படலம் இன்னும் புதுசு மாதிரியேதான் இருக்கு. டென்டை நிறுத்துற கம்பி விஷயத்துல அலுமினியம் மட்டும் வாங்குங்க, ஃபைபர்கிளாஸ் குளிர்ல சிம்பு சிம்பா பிளந்து கையைக் கிழிக்கும். உடைஞ்ச இடத்துல மாட்டுற அந்த சின்னக் குழாய் எப்பவும் கம்பி பையிலயே இருக்கட்டும்.

தூங்குறதைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். ஸ்லீப்பிங் பேக்ல போட்டிருக்கிற டெம்பரேச்சரை நம்புறதுக்கு முன்னாடி அது எந்த நம்பர்னு பாக்கணும். ஐஎஸ்ஓ 23537-ங்கிற சர்வதேச தர முறையில சோதிச்ச பேக்ல கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம்னு மூணு இருக்கும், எக்ஸ்ட்ரீம்ங்கிறது சுகமா தூங்குறதுக்கான நம்பரே இல்ல, உயிர் தப்பிக்கிறதுக்கான நம்பர். சில பேர் அந்த மூணாவதைத்தான் பெருசா அச்சடிக்கிறாங்க. கம்ஃபர்ட் நம்பரை மட்டும் பாத்து வாங்குங்க. அடியில போடுற மேட்டை நிறைய பேர் கண்டுக்கிறதே இல்ல, ஆனா படுத்தா பேக்கோட அடிப்பக்கம் நசுங்கி அதுக்குள்ள காத்தே இருக்காது, தரைக்குளிரைத் தடுக்கிறது மேட் மட்டும்தான். குளிரை எவ்வளவு தடுக்குதுன்னு சொல்ல ஆர் மதிப்புன்னு ஒரு அளவு இருக்கு, வெயில் காலத்துக்கு 2 போதும், ராத்திரி நல்லா குளிர்ற இடம்னா 4-க்கு மேல பாருங்க. காத்தடிக்கிற மேட்ல மெதுவா இறங்குற ஓட்டை ஒண்ணு கட்டாயம் ஒரு நாள் வரும், சோப்புத் தண்ணி தடவினா குமிழ் காட்டிக் குடுத்துடும்.

அடுத்து லக்கேஜ். அலுமினியம் பாக்ஸ் பல வருஷம் ஓட்டினேன், இப்ப சாஃப்ட் பேக்குக்கு மாறிட்டேன், திரும்பப் போற எண்ணமும் இல்ல. பாக்ஸ்ல பூட்டு இருக்கு, வண்டியை விட்டுட்டு நிம்மதியா நடக்கலாம், அது உண்மைதான். ஆனா மண் ரோட்டுல கால் ஊனும்போது வண்டி சரிஞ்சா அந்தப் பாக்ஸுக்கும் தரைக்கும் நடுவுல கால் மாட்டுற அபாயம் இருக்கு, சாஃப்ட் பேக்ல அது எவ்வளவோ குறைவு. ரோடு மட்டும் ஓட்டுறவங்களுக்கு பாக்ஸ் சரி, மண்ணுல இறங்குறவங்க யோசிச்சு வாங்குங்க. சாஃப்ட் பேக்ல வாயைச் சுருட்டி பக்கிள் போடுற மாதிரி இருக்கிறதுதான் நெஜமா தண்ணி போகாதது, ஜிப் வெச்சு வாட்டர்ப்ரூஃப்னு சொல்றதெல்லாம் ரெண்டு வருஷத்துக்குத்தான், அப்புறம் தூசி ஏறி ஜிப் கசிய ஆரம்பிச்சிடும். மூணு சுருட்டு சுருட்டணும், ஒரு சுருட்டு சுருட்டிட்டு பக்கிள் போட்டா உள்ள தண்ணி போகத்தான் செய்யும். சைலன்ஸர் பக்கம் ஹீட் ஷீல்டு இல்லாம தொங்க விட்டா பேக்ல ஓட்டை விழும். இதையெல்லாம் விட முக்கியமானது தொங்குற ஸ்ட்ராப் நுனி. அது செயின்லயோ, செயின் ஓடுற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்லயோ போய் சுத்திக்கிட்டா பின் சக்கரம் அப்படியே லாக் ஆகிடும். ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் வண்டியைச் சுத்தி வந்து ஒவ்வொரு நுனியையும் கையால தொட்டுப் பாத்து உள்ள செருகுறது எனக்குப் பழக்கமாயிடுச்சு, குரூப்ல பக்கத்து வண்டியிலயும் பாத்துடுவேன், யாரும் கோவிச்சுக்கிட்டது இல்ல.

எடை எங்க இருக்குங்கிறதும் ரொம்ப முக்கியம். டூல், ஸ்டவ், தண்ணி மாதிரி கனமானதெல்லாம் கீழயும் முன்னாடியும், ஸ்லீப்பிங் பேக் மாதிரி லேசானது பின்னாடி மேல. டாப் பாக்ஸ் பின் சக்கர அச்சுக்கும் பின்னாடி தொங்குது, அதுல கனத்தை ஏத்தினா முன் சக்கரம் லேசாகி வேகத்துல ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். ரேக்குக்கு எத்தனை கிலோ தாங்கும்னு மேனுவல்ல போட்டிருக்கும், நிறைய பேர் நினைக்கிறதை விட அது ரொம்பக் கம்மியா இருக்கும். லோடு ஏத்தினப்புறம் பின் ஷாக்ல ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கோட இறுக்கம், கூட்டணும், டயர் காத்தை மேனுவல்ல லோடுக்குன்னு போட்டிருக்கிற அளவுக்கு டயர் சூடாகறதுக்கு முன்னாடி வைக்கணும், பின்பக்கம் இறங்கினா ஹெட்லைட் மேல தூக்கி எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும், அதையும் இறக்கணும். மழையில ஓட்டின அன்னைக்கு ராத்திரியே செயினைத் துடைச்சு செயின் எண்ணெய் போட்டுடுங்க, சூடா இருக்கும்போது போட்டா நல்லா உள்ள இறங்கும். அப்புறம் ஈரப் புல்லுல சைடு ஸ்டாண்டுக்கு அடியில ஒரு தட்டு வைங்க, பூவா தலையான்னு விட்டுட்டுப் படுக்கக் கூடாது, நடு ராத்திரியில மண்ணு இளகி வண்டி டென்ட் மேல சாஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. வண்டியை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாயற மாதிரி நிறுத்துங்க.

ரெயின் கியர்ல என் முடிவு தெளிவு. ஜாக்கெட்டுக்கு உள்ள போடுற வாட்டர்ப்ரூஃப் லைனர் உடம்பை நனைய விடாது, ஆனா வெளி ஜாக்கெட் தண்ணியை எல்லாம் குடிச்சு கனமாகி, காத்து அடிக்க அடிக்க குளிர்ந்து, மறுநாள் காலையில அதே ஈர ஜாக்கெட்டைத்தான் மாட்டணும். மேல போட்டுக்கிற தனி ரெயின் சூட் பாக்க அழகா இருக்காது, ஆனா கழட்டி உதறினா முடிஞ்சுது, அடியில ஜாக்கெட் காஞ்சு இருக்கும். பளிச்சுன்னு தெரியிற கலர்ல வாங்குங்க. ஜாக்கெட் வாங்கும்போது ஈஎன் 17092-ங்கிற ஐரோப்பிய பாதுகாப்பு தர லேபிள்ல ஏ, ஏஏ, ஏஏஏன்னு எது போட்டிருக்குன்னு பாருங்க, ஏஏஏ தான் உரசலுக்கு அதிகம் தாங்கும். அப்புறம் காதுல இயர்ப்ளக். ஹைவே வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காத்துச் சத்தம் 100 டெசிபலைத் தொடும், அந்த அளவுக்கு ஒரு நாளைக்கு 15 நிமிஷத்துக்கு மேல கேக்கக் கூடாதுன்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சி அமைப்பான நியோஷ் சொல்லுது, நாம மணிக்கணக்கா கேட்டுட்டுப் போறோம். இயர்ப்ளக் போட ஆரம்பிச்சப்புறம் சாயங்காலம் தலை பாரம் குறைஞ்சுது, டென்ட் போடத் தெம்பு மிச்சம் இருந்துச்சு. மொத்த சாமான்லயும் விலை கம்மியானது, பலன் அதிகமானது இதுதான்.

ஸ்டவ்ல கேஸ் கேன் சுலபம், ஆனா வெறும் பியூட்டேன் கேன் பூஜ்ஜியம் டிகிரி பக்கத்துல போனா எரியாம மக்கர் பண்ணும், ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்தது தாங்கும். எதுவா இருந்தாலும் டென்டுக்குள்ள பத்த வைக்காதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

சாரிட்டி ரைடு பத்தி மனசு விட்டு சொல்லணும். உலகத்துல பெரிய ரைடுகள்ல ஒண்ணு 2012-ல சிட்னியில மார்க் ஹவ்வா ஆரம்பிச்ச டிஸ்டிங்விஷ்ட் ஜென்டில்மேன்ஸ் ரைட், கோட் சூட் போட்டு பழைய ஸ்டைல் வண்டியில போய் ஆண்களோட மனநலத்துக்கும் புரோஸ்டேட் கேன்சர் ஆராய்ச்சிக்கும் பணம் திரட்டுறாங்க. அதுல எனக்குப் பிடிச்சது, ஓட்டுறவங்க ஒவ்வொருத்தரும் தன் பேர்ல இணையத்துல ஒரு பக்கம் திறந்து, பணம் குடுக்கிறவங்க அது வழியா நேரா குடுக்கிற முறை. நடுவுல யார் கையிலயும் ரொக்கம் புழங்காது. சின்ன குரூப்பும் இதைத்தான் பின்பத்தணும்னு நினைக்கிறேன்: பெட்ரோல், தங்குறது, சாப்பாடு எல்லாம் ஓட்டுறவங்க சொந்தக் காசு, நன்கொடை நேரா அந்த அமைப்போட கணக்குக்கு, ரசீது, பணம் குடுத்தவங்க கைக்கு. நன்கொடையில இருந்து டீசர்ட் அடிக்கிற ரைடுக்கு நான் போறது இல்ல. பிரிட்டன்ல பிளட் பைக்னு தன்னார்வலர்கள் ராத்திரி நேரத்துல ஆஸ்பத்திரிகளுக்கு ரத்தமும் சாம்பிளும் இலவசமா கொண்டு போறாங்க, அங்க ஓட்டுறதே உதவி. நம்ம ரைடுல ஓட்டுறது கவனத்தை ஈர்க்கத்தான், உதவி பண்றது அந்தப் பணம், அதனால பணக் கணக்குல கறாரா இருக்கிறதுதான் மரியாதை.

பொம்மை, போர்வை கொண்டு போற ரைடும் உண்டு. மனசு நெகிழ்ற விஷயம்தான், ஆனா பெரிய பொம்மையை சீட் மேல கயித்தால கட்டிட்டு வர்ற வண்டியைப் பாத்தா எனக்கு பதறும், காத்துல அவுந்து பின்னாடி வர்றவர் முகத்துல விழும். ஒரு வேன் ஏற்பாடு பண்ணி அதுல ஏத்திடுங்க, அந்த வேனே பஞ்சரான வண்டிக்கும் உதவும்.

குரூப்ல கோணல்மாணலா, அதாவது ஒருத்தர் லேனோட ஒரு ஓரம், அடுத்தவர் மறு ஓரம்னு, மறு ஓரத்துல முன்னாடி இருக்கிறவருக்கு ஒரு செகண்ட், அதே வரிசையில முன்னாடி இருக்கிறவருக்கு ரெண்டு செகண்ட் இடைவெளி விட்டு ஓட்டணும், வளைவு வந்தா ஒத்தை வரிசை. அஞ்சு, ஏழு வண்டிக்கு மேல ஒரே கூட்டமா போகாம பிரிஞ்சு போங்க. ரோடு திரும்புற இடத்துல ரெண்டாவதா வர்றவர் நின்னு எல்லாரையும் அனுப்பிட்டு, கடைசி ஆள் வந்தப்புறம் கெளம்புற முறை ரொம்ப நல்லது, யாரும் முன்னாடி வண்டியைப் பிடிக்க விரட்ட வேண்டியதில்ல. கடைசி ஆளா அனுபவம் உள்ளவரைப் போடுங்க, அவர்கிட்ட பஞ்சர் கிட், காத்து பம்ப், முதலுதவிப் பெட்டி மூணும் இருக்கணும். புதுசா வந்தவங்களை முன்னாடி, லீடருக்கு அடுத்து விடுங்க, வேகம் அவங்களுக்கு ஏத்த மாதிரி அமையும்.

இப்ப என் கிட்ட மாத்த வேண்டியதுன்னு பாத்தா ஹெல்மெட்தான், அஞ்சு வருஷம் நெருங்குது, உள் பஞ்சு அமுங்கி கன்னத்துல லூஸாயிடுச்சு. ஈசிஈ 22.06-ங்கிற ஹெல்மெட் பாதுகாப்பு தர முத்திரை உள்ளதா பாத்துட்டு இருக்கேன். டென்டோட ஜிப் ஸ்லைடர் ஒண்ணு பல்லைப் பிடிக்க மாட்டேங்குது, குறடால ரெண்டு ஓரமும் லேசா நெரிச்சு விட்டேன், இந்த சீசனுக்கு ஓடும், அடுத்த ரைடுக்கு முன்னாடி ஸ்லைடரை மட்டும் மாத்திடுவேன்.