சௌகான் வம்சாவளி: கல்வெட்டா, ராசோவா?

12ஆம் நூற்றாண்டில் அஜ்மீரை ஆண்ட அரசர் பிருத்விராஜ் சௌகானின் முன்னோர் யார் என்று தேடினால் இரண்டு பதில்கள் கிடைக்கும்.

பிருத்விராஜ் ராசோ என்ற காவியம் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த கதை. அபு மலையில் வசிஷ்டர் வளர்த்த வேள்வித் தீயிலிருந்து பிறந்த வீரர் குலங்களில் சௌகானும் ஒன்று. கேட்க அருமையாக இருக்கும், ஆனால் ஆண்டுக் கணக்கு நிற்காது. முகம்மது கோரியைப் பிருத்விராஜ் அம்பெய்து கொன்றதாகவும் அதே காவியம் பாடுகிறது. பிருத்விராஜ் இறந்தது 1192இல், கோரி இறந்தது 1206இல்!

ராஜஸ்தானின் பிஜோலியாப் பாறையில் 1170இல் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு வேறு ரகம். பார்சுவநாதர் கோயில் கட்டிய லோலாகர் என்ற சமண வணிகர் செதுக்க வைத்தது. அப்போது ஆட்சியில் இருந்தவர் பிருத்விராஜின் தந்தை சோமேசுவரர். சாமந்தன் என்ற முன்னோர் தொடங்கி சோமேசுவரர் வரை அரசர்களைக் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. தீ இல்லை, வேள்வி இல்லை. சாமந்தனை வத்ச கோத்திரத்து அந்தணன் என்கிறது. அப்புறம், பிருத்விராஜின் அவைக்கவி ஜயானகரோ சௌகான்களைச் சூரிய குலம் என்றார். அவரும் தீயைச் சொல்லவில்லை.

அரசர் வரிசைக்கு நான் கல்வெட்டைத்தான் நம்புவேன். பிற்கால ராஜபுத்திரர்கள் தங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று அறிய ராசோவை விட்டால் சரிவராது.