கழற்றி மடக்கும் ரேடார் பிரதிபலிப்பான்: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

தன் ஃபைபர் படகுக்கு இதை வாங்கலாமா என்று பக்கத்து ஊர் நண்பர் கேட்டிருந்தார். அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஃபைபர் உடலை ரேடார் அலை ஊடுருவிப் போய்விடும். இரவில் கப்பல்காரர் திரையில் நாம் இருப்பதே தெரியாது. இந்தப் பிரதிபலிப்பானில் மூன்று அலுமினியத் தகடுகள் ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டி எட்டு மூலைகளை உண்டாக்குகின்றன. அப்படியொரு மூலையில் விழுந்த அலையோ, மூன்று முறை மோதி வந்த திசைக்கே திரும்புகிறது. நடுவிலிருந்து நுனிவரை 20 செ.மீ. உள்ள ஒரு மூலை, நேர் எதிரே பார்க்கும்போது, 3 செ.மீ. அலைநீள ரேடாருக்கு ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர் பிரதிபலிப்புப் பரப்பை, அதாவது ரேடாருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறோம் என்ற அளவைக், காட்டும். பேட்டரி வேண்டாம். வாடைக்காற்றுக் கடலிலும் எங்கள் படகின் புள்ளி தன் திரையில் நின்றது என்று தெரிந்த விசைப்படகுக்காரர் சொன்னபோது மனம் நிறைந்துபோனது.

ஆனால் அந்தக் காடிகள்! தகடுகளை ஒன்றில் ஒன்று செருகும் இடம் உப்பிலும் இன்ஜின் அதிர்விலும் தளர்ந்துகொண்டே இருக்கிறது. செங்கோணம் இரண்டு பாகை விலகினாலே திரும்பும் அலை பக்கவாட்டில் பிரிந்து வலுவிழக்கிறது. தகடு பெரிதாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். இந்தக் கருவியின் உயிரே அந்தக் கோணம்தான். அதைப் போய் ஒரு தளர்ந்த காடியிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை கடலுக்குப் போகுமுன்னும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, கம்பியால் இறுக்குகிறேன்.

தொங்கவிட நுனியில் ஒரே ஒரு துளை. அப்படித் தொங்கினால் மூலைகள் மேலும் கீழும் பார்க்கும், அடிவானத்தைப் பார்க்காது. ஒரு மூலை மழைநீர் பிடிக்கும் கிண்ணம்போல நிமிர்ந்தும், அதற்கு நேர் எதிர் மூலை கவிழ்ந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் மற்ற ஆறு மூலைகள் சுற்றிலும் கடலைப் பார்க்கும். மூன்று நுனிகளில் கயிறு கட்டித்தான் அதைச் சாதித்தேன்.

பெரிய கப்பல்களின் 10 செ.மீ. ரேடாருக்கு இதே பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இது இயற்பியல், தயாரித்தவர்மேல் பழி இல்லை. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 2004 தரமும் 9 கிகாஹெர்ட்ஸில் (3 செ.மீ. ரேடார்) 7.5 சதுர மீட்டர் கேட்கும் இடத்தில், 3 கிகாஹெர்ட்ஸில் (10 செ.மீ. ரேடார்) 0.5 மட்டுமே கேட்கிறது. நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 4 மீட்டர் உயரத்தில் பொருத்தச் சொல்கிறது. நம் படகுக் கழியில் அந்த உயரம் கிடைப்பதில்லை.

இது இல்லாமல் இரவுக் கடலுக்கு நான் போவதில்லை. ஆனாலும் நண்பரே, இதை வாங்காதீர்கள். இடத்தை அடைத்தாலும் பரவாயில்லை, ரிவெட் அடித்து இறுக்கிய தகடுகள் உள்ளதைத் தேடுங்கள்.