பெட்டகத்துப் பழைய இதழ்கள்: தட்டு ஸ்கேனரா, கேமரா மேடையா?

பங்காளிகள் கூடிச் சாமான் பிரிக்கையில், இரண்டாங்கட்டுப் பெட்டகத்தின் அடியில் வயது வந்தோருக்கான பழைய இதழ்கள் கட்டாகக் கிடைத்தால், யார் கண்ணிலும் படுமுன் கொளுத்திவிடுவோம் என்றுதான் முதலில் தோன்றும். கொளுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோட்டையூர் ரோஜா முத்தையா, நாடக நோட்டீசையும் பாட்டுப் புத்தகத்தையும் கல்யாணப் பத்திரிகையையும் அற்பமென்று ஒதுக்காமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அத்திரட்டுதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. ஒரு காலத்தின் மருந்து விளம்பரமும் வாசகர் கடிதமும், சட்டத்துக்கு அஞ்சிச் சுற்றி வளைத்து எழுதிய நடையும் இத்தகைய இதழ்களில்தான் கிடைக்கும்.

கொளுத்தாமல் காப்பதற்கு, பக்கங்களைப் படமெடுத்துக் கணினிக் கோப்பாக்கும் மின்னாக்கம் உதவும். அதற்கு மூன்று வழிகள் உண்டு. கடையில் கொடுத்து, முதுகை வெட்டித் தாள்களைத் தானியங்கி ஸ்கேனரில் ஓடவிடுவது விரைவானது. ஆனால் நைந்த தாள் உருளையில் கிழியும், வெட்டிய இதழும் பழையபடி சேராது. இரட்டைப் பிரதி இருந்தாலன்றி இவ்வழி வேண்டாம்.

உண்மையான போட்டி தட்டு ஸ்கேனருக்கும் கேமரா மேடைக்கும்தான். தட்டு ஸ்கேனரில் ஒளி சீராக விழும், நிறம் பிசகாது, புதிதாகத் தொடங்குபவரும் தவறின்றிச் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதழைக் கவிழ்த்து அழுத்த வேண்டியிருப்பதால், துருப்பிடித்த பின்னைச் சுற்றிய தாள் விண்டுபோகிறது. ஏ4 தட்டில் நடுப்பக்கப் படத்தை இரண்டாகப் பிரித்தெடுத்து ஒட்டினால், நடுவே கோடு விழுகிறது. கேமரா மேடை என்பது கம்பத்தில் கீழ்நோக்கிப் பொருத்திய கேமராவும் இருபுறமும் விளக்கும் கொண்ட பலகை. அதில் இதழ் முகம் மேலாகக் கிடக்கும். பக்கத்தைப் புரட்டுவது மட்டுமே வேலை. 24 மெகாபிக்சல் கேமரா ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 480 புள்ளி அளவிலும், விரித்த நடுப்பக்கத்தை 340 அளவிலும் பிடிக்கும். அச்சுப் புள்ளிகள் அலையலையாகத் தெரியும் கோளாறும் இந்த நுணுக்கத்தில் பெரிதும் குறையும். வழவழத் தாளில் ஒளி பளிச்சிடுவதே இதன் குறை. இரு விளக்குகளையும் பக்கவாட்டில் 45 பாகைச் சாய்வில் வைத்தால் அது அடங்கும். என் தேர்வு கேமரா மேடைதான்.

எதைத் தேர்ந்தாலும் பின்னை இழுத்துப் பிடுங்கக் கூடாது. நடுப்பக்கத்தில் மடிந்திருக்கும் கால்களை மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, பின்புறமாகத் தள்ளி எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறி ஒட்டிக்கொண்ட வழவழத் தாள்களைப் பிரிக்க முயன்றால் மையும் பூச்சும் உரிந்து வந்துவிடும். அவற்றைப் பாதுகாப்பு நிபுணருக்காக விட்டுவைப்பதே நல்லது.

பட்டியலிடுவதில், கோஹா போன்ற நூலக மென்பொருளைக் காட்டிலும் எளிய விரிதாளையே முதலில் பரிந்துரைப்பேன். இதழுக்கு ஒரு வரி என்ற கணக்கில் பெயர், மலர், எண், மாதம், விலை, பக்கங்கள், குறைந்த பக்கங்கள், அச்சகம் ஆகியவற்றை எழுதிவிட்டால் பின்னர் எந்த மென்பொருளுக்கும் மாற்றலாம். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் இடமும் இருக்க வேண்டும் என்பது அன்று நடப்பிலிருந்த 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின் விதி. ஓர் இதழில் அவை இல்லையென்றால் அந்த இன்மையும் பதிய வேண்டிய செய்தியே. புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் யாரென்று ஊகித்து எழுதுவது மட்டும் கூடவே கூடாது. அது உயிரோடிருக்கும் ஒருவரின் மானம். கட்டுரைத் தலைப்புகளை, படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் எழுத்துணரி மென்பொருளிடம் முழுதாக ஒப்படைக்கவும் முடியாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னா, ணை, லை வடிவங்களில் அது தடுமாறுவதால், தலைப்புகளைக் கையால் தட்டச்சிடுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

கோப்பு வன்தட்டில் இருப்பதும் இணையத்தில் ஏறுவதும் ஒன்றல்ல. ஆபாசமானதை மின்வடிவில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் குற்றம். பதிப்புரிமையும் தனியே உண்டு. லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள அச்சுப் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அந்தச் சலுகை குடும்பத்துக்கு இல்லை. ஆகவே பட்டியலை முதலில் முடித்து, அதை ஓர் ஆய்வு நூலகத்துக்கு அனுப்பி, அவர்கள் ஏற்றுக்கொண்டால் இதழ்களையே அங்கு ஒப்படைப்பதுதான் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திடக்கூடிய ஏற்பாடு.