எம்ஜிபிக்கு 15 இஞ்சி ரிம்: கொழும்பில் சில வருட ஓட்டம்

என்னுடைய எம்ஜிபி 1972ஆம் ஆண்டுக் கார், பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். ரொஸ்டைல் என்ற வகை 14 இஞ்சி இரும்பு ரிம்மோடு வந்தது. 2019இல் அதைக் கழற்றிவிட்டு 15 இஞ்சி அலோய் ரிம் போட்டேன். எட்டுக் கால் உள்ள பழைய மினிலைட் வடிவம், ஐந்தரை இஞ்சி அகலம். பார்க்கிறவர்கள் அழகுக்குப் போட்டதாகத்தான் நினைப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை மாற்றவைத்தது டயர்.

கொழும்பில் 165 ஆர் 14 கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பது பெரும்பாலும் வேன் டயர். சுமை ஏற்றுவதற்கென்று பக்கச்சுவரைத் தடிப்பாகச் செய்தது. ஏறக்குறைய ஒரு தொன் நிறையுள்ள சின்னக் காருக்கு அதைப் போட்டால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் கேட்கும், மழையில் பிரேக் பிடித்தால் வழுக்கும். 15 இஞ்சியில் அந்தக் கஷ்டம் இல்லை. பிரியஸ் ஓடும் ஊரில் அந்த அளவு டயருக்குப் பஞ்சம் வராது.

பெரிய ரிம் என்றதும் பலர் 16, 17 என்று போய்விடுகிறார்கள். இந்தக் காருக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கணக்கைப் பாருங்கள். டயர் அளவில் முதல் எண் அகலம் மில்லிமீற்றரில், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அகலத்தில் எத்தனை வீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் இஞ்சி. பழைய 165/80 ஆர் 14 டயரின் முழு விட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீற்றர். 185/65 ஆர் 15 போட்டால் 621 சொச்சம். ஸ்பீடோமீற்றர் பொய் சொல்லாது, கியர் கணக்கும் மாறாது. பக்கச்சுவர் 132 மில்லிமீற்றரில் இருந்து 120க்கு இறங்குகிறது, அவ்வளவுதான். இதுவே 17 இஞ்சியில் 205/45 என்றால் வெறும் 92. காலி வீதியில் தார் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் மேன்ஹோல் மூடிகளை நினைத்துக்கொண்டு அந்த 92ஐ யோசியுங்கள்.

அடுத்தது ஒஃப்செற், அதாவது ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து அது காரோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீற்றர் வெளியே தள்ளி இருக்கிறது என்பது; எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும். எம்ஜிபியின் பிசிடி, அதாவது நட்டுத் துளைகள் அமைந்த வட்டம், 4க்கு 114.3: நான்கு துளை, 114.3 மில்லிமீற்றர் விட்டம். பழைய ஜப்பான் கார்கள் பலவற்றுக்கும் இதே அளவுதான். அதனால் பழைய வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் பாவித்த ரிம் குவியலைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். நட்டும் துளைக்கு நேராக வரும். ஆனால் முன்சக்கர இழுவை கார்களின் ரிம்களில் ஒஃப்செற் பெரும்பாலும் 38, 45 என்று இருக்கும். எம்ஜிபிக்கு வேண்டியது 20ஐ ஒட்டிய எண். சக்கரம் அவ்வளவு உள்ளே போனால் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங்கை டயர் தொடப் பார்க்கும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையில் ஸ்பேசர் தகடு போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. லண்டனில் இருக்கும் மச்சானிடம் சொல்லி, இந்தக் காருக்கென்றே செய்த ரிம்மை எடுப்பித்தேன். காசு கூடத்தான்.

195/60 போடலாம் என்று கராஜில் ஆசைகாட்டினார்கள். கடையில் இருந்த ஒரு சோடி டயரைப் பின்னால் மாட்டிப் பார்த்தோம். பின் மட்காட்டின் உள்விளிம்பில் சோக்கட்டியைத் தடிப்பாகப் பூசி, பின்னால் இரண்டு பேரை ஏற்றி, வேகத்தடை மேல் மெதுவாக இறக்கினோம். வலப்பக்கச் சோக் அப்படியே இருந்தது. இடப்பக்கத்தில் விரல் அகலத்துக்குத் துடைத்து எடுத்தமாதிரிப் போயிருந்தது. பல எம்ஜிபிகளில் இடது பின்சக்கரம்தான் மட்காட்டுக்குக் கிட்ட நிற்கும். விளிம்பை உள்ளே மடித்துத் தரலாம் என்றார் டிங்கரிங் பாஸ். ஐம்பது வருடத் தகரத்தை மடித்தால் பெயின்ற் வெடிக்கும், வெடித்த இடத்தில் துரு ஏறும். 185/65 மாட்டினோம். அதே வேகத்தடை, அதே இரண்டு பேர், சோக் கலையவில்லை.

ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? மழைதான் முதல் பதில். ஒக்டோபரில் பின்னேர மழை கொட்டும்போது பொரளைச் சந்தியில் முன்னால் முச்சக்கரவண்டி சடாரென்று நின்றால், இப்போது கார் நேராக நிற்கிறது. முன்பு பின்பக்கம் அசையும். தெற்கு அதிவேக வீதியில் 100இல் போகும்போது ஸ்டியரிங் கையில் அமைதியாக இருக்கிறது. வளைவுகளில் கார் முன்னைவிடச் சொன்ன சொல் கேட்கிறது.

இழந்ததும் உண்டு. பவர் ஸ்டியரிங் இல்லாத கார் இது. பம்பலப்பிட்டியில் ஒரு சின்ன இடத்துக்குள் காரைத் திருப்பி விடுவதற்குள் தோள் நோகும். எலைன்மென்ட் பார்த்த பெரியவர் அன்றே சொன்னார்: "தம்பி, டயர் அகலமானா ரோட்டைப் பிடிக்கும், உங்க கையையும் பிடிக்கும்." இந்தக் காரில் அவர் சரிசெய்யக்கூடியது டோ ஒன்றைத்தான், அதாவது முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே பார்க்கும் கோணம். சக்கரம் மேலே கீழே சாயும் கோணமான கேம்பரைத் திருப்ப வழி கிடையாது. டோ சரியாக இல்லாவிட்டால் அகல டயர் ஒரு பக்கமாகத் தேயும். முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிப்பதையும் முன்னைவிட அடிக்கடி பார்க்கிறேன்.

காற்று அழுத்தத்தில் நிறைய விளையாடிப் பார்த்தேன். கையேட்டில் முன்னுக்கு 21, பின்னுக்கு 24 பிஎஸ்ஐ. அது அந்தக் காலத்து 165க்குச் சரி. இந்த டயரில் அவ்வளவு குறைத்தால் வளைவில் கார் தளும்புகிறது. இப்போது முன்னுக்கு 26, பின்னுக்கு 28. டயர்க் கடைப் பையன்கள் கேட்காமலே 33 அடித்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மரைன் டிரைவ் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கடல் உப்பு அலோயைச் சும்மா விடாது. நட்டுத் துளையைச் சுற்றி லாக்கர் மேல்பூச்சு உரிந்து வெள்ளைப் பூ பூக்கும். சனிக்கிழமைகளில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துளைக்குள்ளும் துணி விட்டுத் துடைக்கிறேன். உட்பக்கத்தையும் மறக்கக்கூடாது, பிரேக் தூசியும் உப்பும் சேர்வது அங்கேதான்.

2022 பெற்றோல் நெருக்கடியில் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று ஆனபோது, இந்தக் கார் வீட்டில்தான் நின்றது. நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிவிடும் என்று பயந்து, அடிக்கடி முன்னும் பின்னும் தள்ளி வைத்தேன். தப்பியது. ஆனாலும் ஓடாத டயரும் வயதாகும். பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம், உற்பத்தியான வாரமும் வருடமும். டயரின் பூ எவ்வளவு மிச்சம் இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்தச் செற்றுக்கும் காலம் கிட்டிவிட்டது. அடுத்ததும் 185/65தான்.

இன்னொன்று, நட்டு. அலோய்க்கும் பழைய இரும்பு ரிம்முக்கும் ஒரே நட்டு ஆகாது. அலோயோடு வந்த நட்டு வேறு வடிவம். இரண்டிலும் புரி அரை இஞ்சி யூஎன்எஃப் என்ற இஞ்சி அளவுப் புரி, ஜப்பான் கார் நட்டு ஏறாது. புதிதாக மாட்டிக் கொஞ்சம் ஓடியபின் டோர்க் ரென்ச்சால் 60க்கும் 65க்கும் இடையில், அடி இறாத்தல் கணக்கில், மறுபடி இறுக்குங்கள். நான் ஸ்பேர் சக்கரமாகப் பழைய ரொஸ்டைலையே வைத்திருக்கிறேன், விட்டம் ஒன்றுதானே. அதனால் டிக்கியில் அதன் நான்கு நட்டும் ஒரு பையில் எப்போதும் கிடக்கும்.