ஜுபைல் ஆலையா, மும்பை ஹை ரிக்கா?

சவுதியில் ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் 4 வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். இப்போது அரபிக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில், கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ஒரு ஜாக்-அப் ரிக்கில் (கால்களைக் கடல் தரையில் ஊன்றி நின்று கிணறு தோண்டும் மேடை) அதே வேலை. எதற்குப் போகலாம் என்று ஊர்ப் பையன்கள் கேட்டால், ரிக்குக்குப் போ என்றுதான் சொல்கிறேன்.

சாப்பாடும் தங்குமிடமும் எனக்கு இரண்டு இடத்திலும் கம்பெனி பொறுப்புதான். வெயிலும் அப்படியே. ஆலையில் வெள்ளிக்கிழமை லீவு உண்டு. ரிக்கில் தினமும் 12 மணி நேரம், கடலில் இருக்கும் 28 நாளும் லீவே கிடையாது.

சம்பளத்தை எண்ணும் விதத்தில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். என் ஒப்பந்தம் 28 நாள் கடல், 28 நாள் வீடு. கடலில் இருக்கும் நாளுக்கு மட்டும்தான் கூலி. பேச்சுக்கு ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்றால், மாதம் ஒன்றரை லட்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். வருடத்துக்கு 182 நாள்தான் கையில் வரும்: 9,10,000 ரூபாய். மாதத்துக்கு 76,000கூட முழுசாக இல்லை. அதிலும் ரிக்கின் ஒப்பந்தம் முடிந்து அது கரைக்குப் போய்விட்டால், அடுத்த அழைப்பு வரும்வரை ஒன்றுமே இல்லை. 2014 ஜூனில் 110 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே இறங்கியபோது, உலகம் முழுக்க ரிக்குகள் சும்மா நின்றன. அதனால் 6 மாதச் செலவைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அப்புறம் ஏன் ரிக்? ஜுபைலில் வருடத்துக்கு 30 நாள்தான் ஊர். இங்கே பாதி வருடம் வீட்டில். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு நானே கூட இருந்தேன். மகளைப் பள்ளியில் சேர்க்க நானே கூட்டிப்போனேன். 4 வருடத்தில் நானாக ஜுபைல் வேலையை விட்டதால், சவுதி சட்டப்படி பணிக்கொடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 20 நாள் சம்பளம்தான் கிடைத்தது. அந்தப் பிரிவுக்கு அது ஈடாகவே இல்லை.

ஆபத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். 2005 ஜூலை 27 அன்று, விரல் வெட்டுப்பட்ட ஒரு சமையல்காரரை மேடைக்கு மாற்ற நெருங்கி வந்த கப்பல் எரிவாயுக் குழாயில் மோதி, மும்பை ஹை நார்த் எண்ணெய் மேடையே எரிந்தது. 22 பேர் போனார்கள். 2021 மே மாதம் டவ்தே புயலில், பணியாளர்கள் தங்கியிருந்த பி305 பார்ஜ் (மிதவைக் கலம்) மூழ்கி 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் கவிழ்ந்தால் தண்ணீருக்குள்ளிருந்து வெளியேறும் பயிற்சியைச் சடங்காக நினைக்காதீர்கள். நீச்சல்குளத்தில் தலைகீழாகத் தொங்கி, பெல்ட்டைத் தேடிய அந்த நொடிகளை ரிக்குக்குப் போக மும்பை ஜூஹுவில் ஹெலிகாப்டர் ஏறும்போதெல்லாம் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆழ்கடலில் கிணறு தோண்டும் கப்பலான டிரில்ஷிப்பில் நான் வேலை செய்ததில்லை. நான் சொல்வது ஜாக்-அப் ரிக்குக்கு மட்டும்.

வீட்டின் மேல் கடன் இருந்து, மாதத் தவணை ஒன்றுகூடத் தவறக் கூடாது என்ற நிலையில் இருந்தால், முதல் 2 வருடம் ஜுபைலுக்கே போங்கள். ரிக்குக்கு வருவதானால், கையெழுத்துப் போடுமுன் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: மாற்று ஆள் வராமல் 28 நாள் 40 ஆனால், அந்தக் கூடுதல் நாளுக்கு என்ன கூலி?