ஏற்றுமதித் துறைமுகச் சோதனையே இறுதி என்று முந்திரிக்கொட்டை வாங்குவோர் கவனத்திற்கு

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, திருவட்டார், குலசேகரம் பகுதிகளில் சிறிய அளவில் அண்டி ஆபீஸ் (முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் ஆலை) நடத்துகிறவர்களுக்காகவும், எல்லைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கம் அதே தொழிலில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கடல்வழியாக முந்திரிக்கொட்டை இறக்கிய எங்கள் சிறு குழு எவ்வாறு ஏமாற்றப்பட்டது என்பதே இதன் பொருள். விற்றவர் பெயரையும் இடைத்தரகர் பெயரையும் வழக்கறிஞரின் அறிவுரைப்படி குறிப்பிடவில்லை. முறையைத் தெரிந்துகொண்டால், பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் ஆளை அடையாளம் காண முடியும்.

போலி பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு), வராமலே போன கன்டெய்னர், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றி அனுப்பப்பட்ட மின்னஞ்சல் ஆகியவற்றைப் பற்றி நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அவற்றுக்கு எதிரான எச்சரிக்கையும் ஓரளவு நம்மிடம் உண்டு. எங்களுக்கு நடந்ததில் ஒரு தாள்கூடப் போலி இல்லை. கப்பல் உண்மை, பெட்டி உண்மை, சீல் உண்மை, ஆய்வு நிறுவனத்தின் சான்றிதழும் உண்மை. ஆய்வு செய்யப்பட்ட சரக்கும் ஏற்றப்பட்ட சரக்கும் மட்டுமே வேறு வேறாக இருந்தன.

உள்ளூர்க் கொட்டையை மட்டும் நம்பி நம் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஆலை ஓட்ட முடியாது என்பது தெரிந்ததே. உலகிலேயே அதிகமாக முந்திரிக்கொட்டை விளைவிக்கும் ஐவரி கோஸ்ட்டில் பிப்ரவரியில் பருவம் தொடங்குகிறது. அங்கே மழை பிடிப்பதற்கு முன் வரும் கொட்டை நன்றாகக் காய்ந்திருக்கும், பின்பருவக் கொட்டையில் ஈரமும் பூஞ்சையும் கூடுதலாக இருக்கும். கொட்டைக்கான அடிப்படைச் சுங்க வரி 2018-இல் 5 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதமாகக் குறைக்கப்பட்ட பிறகு, முன்பெல்லாம் கொல்லத்துப் பெரிய முதலாளிகளிடம் மூட்டைக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த சிறியவர்களும் ஒன்றுசேர்ந்து நேரடியாக இறக்குமதி செய்யத் துணிந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள்தான் நாங்கள். இத்தகைய சிறு குழுக்களைத் தேடித்தான் அந்தத் தரகர் வந்தார்.

அவர் எங்கள் முன் வைத்தது இரண்டு 40 அடி கன்டெய்னர்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 25 டன், புதிய பருவத்துக் கொட்டை, அவுட்டர்ன் (ஒரு மூட்டைக் கொட்டையில் கிடைக்கும் பருப்பின் அளவு) 47, ஈரப்பதம் 8.5 சதவீதம். கப்பல் கட்டணமும் காப்பீடும் அடங்கிய விலை, சந்தையைவிட டன்னுக்குச் சிறிதளவே குறைவு. மிகவும் குறைத்துச் சொல்லியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். அந்த நிதானத்தைப் பார்த்தால் அவர் இத்தொழிலுக்குப் புதியவர் அல்லர் என்பது விளங்கும். எங்கள் வங்கி திறக்கும் எல்.சி.யின்படி (உரிய ஆவணங்களைத் தந்தால் விற்றவருக்குப் பணம் தருவதாக வங்கி அளிக்கும் உறுதிக் கடிதம்), ஆவணங்களைக் கண்டவுடன் முழுப் பணம் தரப்பட வேண்டும், தரத்தைப் பொறுத்தவரை ஏற்றுமதித் துறைமுகச் சோதனையே இறுதி என்பவை நிபந்தனைகள். 'முதலாளி, இங்க எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க' என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்தப் பகுதியில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் அப்படித்தான் எழுதப்படுகின்றன, எச்சரிக்கை தேவைப்படுவதும் அதனால்தான்.

தொழிலுக்குப் புதியவர்கள் இருந்தால் அவர்களுக்காக அவுட்டர்ன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மாதிரியாக எடுத்த ஒரு கிலோ கொட்டையை எண்ணி, வெட்டி, நல்ல பருப்பின் எடையுடன், புள்ளி விழுந்த பருப்பு, முற்றாத பருப்பு ஆகியவற்றின் எடையில் பாதியைச் சேர்த்து, வரும் கிராமை 0.1764-ஆல் பெருக்கினால், 80 கிலோ மூட்டை ஒன்றில் எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பது தெரியும். கிலோவுக்கு 267 கிராம் கிடைத்தால் 47. 221 கிராம்தான் கிடைத்தது என்றால் 39. அழுகியதும் பொக்கும் கணக்கில் சேராது. ஒரு வெட்டுக் கத்தியும் ஒரு மின்னணுத் தராசும் இருந்தால் போதும், இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இவ்வளவு எளிய சோதனை ஏமாற்றப்படுவது, மாதிரி எந்த மூட்டையிலிருந்து எடுக்கப்படுகிறது என்ற இடத்தில்தான்.

பெட்டிகள் கொழும்பில் கப்பல் மாறித் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. சரக்குப் பெட்டி நிலையத்தில் சுங்க அதிகாரிகளும் தாவரத் தொற்றுத்தடுப்புத் துறையினரும் இருக்கும்போது கதவு திறக்கப்பட்டது. முன்வரிசை மூட்டைகளிலிருந்து எடுத்த கொட்டையை நாங்களும் அங்கேயே வெட்டிப் பார்த்தோம். 46-க்கு மேல் வந்தது, நிறமும் நன்றாக இருந்தது. சுங்க வேலைகளை முடித்துத் தரும் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் மட்டும், 'அண்ணாச்சி, கதவுப் பக்கத்து மூட்டையப் பாத்து முடிவு பண்ணாதீங்க, உள்ளயும் ஒரு ஊசி விட்டுப் பாப்போம்' என்றார். ஆனால் மாதிரி எடுக்கும் குத்தூசியோடு ஆள் நுழைய முடியாதபடி மூட்டைகள் கூரை வரை நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. பெட்டி முழுவதையும் அங்கேயே இறக்கிச் சோதிப்பதென்றால் அதற்குத் தனிக் கூலி, தனி நாள்வாடகை. பொதுவாக யாரும் அதைச் செய்வதில்லை என்பதை ஏற்றியவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள்.

நாகர்கோவில் வழியாக ஆலைக்கு வந்த முதல் பெட்டியை இறக்கத் தொடங்கியபோது, நான்காவது வரிசைக்குப் பின்னால் சாக்குகளின் தையல் நூல் நிறம் மாறியது. சில சாக்குகள் பிரித்து மறுபடி தைக்கப்பட்டவை. பழைய துளைகள் வரிசையாகத் தெரிந்தன. வாசனையும் மாறியது. எங்களிடம் நீண்ட காலமாக வேலை செய்யும் அக்கா ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வெட்டுவதற்கு முன்பே, 'இது கழிஞ்ச வருசத்து அண்டியாக்கும்' என்றார். வெட்டியபோது பருப்பு சுருங்கி மஞ்சளேறியிருந்தது, தோல் ஒட்டிக்கொண்டு உரிய மறுத்தது. பின்வரிசைகளில் அவுட்டர்ன் 39, ஈரம் 12 சதவீதத்தை நெருங்கியது. இரண்டாவது பெட்டியும் இதே அடுக்கில்தான் இருந்தது.

முன்வரிசை நல்ல கொட்டையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் பெட்டிக்கு 41 வந்தது. 47-க்கும் 41-க்கும் உள்ள வேறுபாடு ஒரு மூட்டைக்கு 2.7 கிலோ பருப்பு. 25 டன் பெட்டியில் அது ஏறத்தாழ 850 கிலோ. பருப்பைக் கிலோ 600 ரூபாய் என்று குறைத்து வைத்துப் பார்த்தாலும் பெட்டிக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போயிற்று. கிடைத்த பருப்பிலும் உடைசல் மிகுதி. முழுப்பருப்பாகப் போக வேண்டியது துண்டு விலைக்குப் போனது. இதற்கிடையில் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வேறு. வெயில் இல்லாத நாட்களில் ஈரக் கொட்டையைக் களத்தில் காயப்போட முடியாமல் கிடங்குக்குள் பரப்பி மின்விசிறி போட்டு வைத்திருந்ததை எங்கள் பகுதிக்காரர்கள் பலர் நேரில் பார்த்தார்கள்.

உடனே தரகரை அழைத்தோம். 'லோட் போர்ட் ரிசல்ட்தான் ஃபைனல், கான்ட்ராக்ட எடுத்துப் பாருங்க' என்பதற்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. ஒப்பந்தத்திலும் எல்.சி.யிலும் பில் ஆஃப் லேடிங்கிலும் அவருடைய பெயரோ கையெழுத்தோ இல்லை. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர் எந்தத் தாளிலும் இல்லாத மனிதராக இருந்தார். வங்கியால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதைக் குறை சொல்லவும் இடமில்லை. எல்.சி.களை ஆளும் யு.சி.பி. 600 விதிகளின் 5-ஆவது பிரிவு, வங்கிகள் ஆவணங்களைக் கையாளுகின்றனவே தவிரச் சரக்கைக் கையாளுவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறது. கப்பல் நிறுவனத்தின் பில் ஆஃப் லேடிங்கிலோ, சரக்கை ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்புநரே என்று அச்சிடப்பட்டிருந்தது. சீல் உடையாமல் வந்துவிட்டால் அவர்கள் பொறுப்பு முடிந்தது. விலையில் அடங்கியிருந்த காப்பீடு குறைந்தபட்சக் காப்பீடான 'சி' வகை. அது தீ, தரைதட்டுதல், மோதல், மூழ்குதல் போன்றவற்றுக்கு உரியது. விற்றவர் பழைய கொட்டையைக் கலந்ததற்கு எந்த வகைக் கடல் காப்பீடும் பணம் தராது. சரக்கைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயரை அழைத்துவிட்டுப் பெட்டியைப் பாதியில் நிறுத்தி வைக்கலாம் என்றால், இலவச நாட்கள் முடிந்ததும் கப்பல் நிறுவனத்தின் நாள்வாடகை டாலரில் ஓடத் தொடங்கி, நாளாக ஆக விகிதமும் ஏறிக்கொண்டே போகும். ஒப்பந்தப்படி வழக்காட வேண்டிய இடம் லண்டன். இரண்டு பெட்டிச் சரக்குக்காக அங்கே நடுவர் மன்றம் செல்வதென்றால் செலவே இழப்பை மிஞ்சிவிடும்.

விற்றவரிடமிருந்து வந்த பதில் மிகவும் பணிவானது. நேர்ந்ததற்கு வருந்துவதாகவும், அடுத்த ஏற்றுமதியில் டன்னுக்கு நல்ல தள்ளுபடி தந்து இழப்பை ஈடுகட்டுவதாகவும், அதற்கு 30 சதவீத முன்பணம் மட்டும் அனுப்பினால் போதும் என்றும் எழுதியிருந்தார்கள். இதைத்தான் முதல் ஏமாற்று வேலையைவிடக் கொடியதாக நான் கருதுகிறேன். நட்டப்பட்டவன் விட்ட இடத்திலேயே பிடித்துவிடலாம் என்று நினைப்பான் என்பதை வைத்து விரிக்கப்படும் வலை இது. எங்கள் குழுவிலேயே இருவர் அனுப்பிவிடலாம் என்றார்கள். பணம் போகவில்லை. வேறொரு ஊரில் இதே கடிதத்தைப் பெற்று முன்பணம் அனுப்பியவருக்குச் சரக்கு வரவே இல்லை என்று பின்னர் தெரிந்தது.

சான்றிதழை வரிவரியாகப் பார்த்தபோது சூழ்ச்சி எங்கே நடந்தது என்பது புரிந்தது. ஆய்வு நடந்த இடம் ஒரு கிடங்கு. நாள், பெட்டியில் சரக்கு ஏற்றப்பட்ட நாளுக்கு இரண்டு வாரம் முந்தையது. கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும் அதில் இல்லவே இல்லை. அந்தக் கிடங்கில் அன்று இருந்த நல்ல கொட்டைக்கு ஆய்வாளர் உண்மையான சான்றிதழ் தந்திருக்கிறார். பிறகு அந்தக் கொட்டையில் சில மூட்டைகள் எங்கள் கதவோரம் வந்தன, மீதி வேறு யாருக்கோ போயிருக்கும். எல்.சி.யில் 'தரச் சான்றிதழ்' என்று மட்டுமே கேட்கப்பட்டிருந்ததால், வங்கி அந்தத் தாளை ஏற்றுக்கொண்டதில் விதிமீறல் இல்லை.

ஆகவே எல்.சி.யில் அந்த ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஆய்வாளரைத் தேர்ந்தெடுப்பவர் வாங்குபவராக இருக்க வேண்டும். பெட்டியில் ஏற்றும்போது கதவு, நடு, உட்புறம் ஆகிய மூன்று இடத்து மூட்டைகளிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டதாகவும், ஆய்வாளர் முன்னிலையிலேயே சீல் வைக்கப்பட்டதாகவும், கன்டெய்னர் எண்ணோடும் சீல் எண்ணோடும் சான்றிதழ் சொல்ல வேண்டும். அப்படி எழுதிவிட்டால், எண் இல்லாத சான்றிதழைத் திருப்பி அனுப்பும் உரிமை நம் வங்கிக்குக் கிடைக்கிறது. இதற்கு ஆகும் கூடுதல் ஆய்வுக் கட்டணம் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

பணத்தில் 98 சதவீதத்தை எல்.சி. வழியாகவும், மீதி 2 சதவீதத்தை இறக்குமதித் துறைமுகத்துச் சோதனைக்குப் பிறகும் தருவது இத்தொழிலில் அறியப்பட்ட வழக்கம்தான். அவுட்டர்ன் ஒரு பவுண்டு குறைந்தால் அதே விகிதத்தில் விலை குறையும், 45-க்குக் கீழே போனால் சரக்கை நிராகரிக்கலாம் என்ற விதியும் புதிதல்ல. இங்கே விற்பவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும்: ஒரு மாதத்துக்கு மேல் கடலில் வரும் கொட்டையில் பெட்டிக்குள் வியர்த்து ஈரம் ஏறுவதும் அவுட்டர்ன் சற்று இறங்குவதும் இயல்பு. அதனால் இங்கு நடக்கும் சோதனையை முழுமையாக ஏற்க நாணயமான வணிகர்களும் தயங்குவார்கள். ஒரு பவுண்டு வரை தளர்வு தருகிறோம் என்றால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். எண்கள் உள்ள சான்றிதழுக்கு மட்டும் மறுப்புச் சொல்ல நாணயமான விற்பனையாளருக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஏற்கெனவே இதே வலையில் மாட்டியிருப்பவர்கள், பெட்டியைத் தொடர்ந்து இறக்குவதற்கு முன் வரிசை வரிசையாகக் காணொளி எடுத்து, சாக்குத் தையலைப் படம்பிடித்து, சுதந்திரமான சர்வேயர் ஒருவர் முன்னிலையில் மாதிரியைச் சீல் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விற்பனையாளர் மீது இந்திய இறக்குமதியாளர் தரும் தரப் புகார்களை விசாரிக்க, வெளிநாட்டு வணிகக் கொள்கையின் 8-ஆவது அத்தியாயம் ஒரு குழுவுக்கு வழி செய்திருக்கிறது. மதுரையில் உள்ள வெளிநாட்டு வணிக இயக்குநரகத்தின் மண்டல அலுவலகத்தில் நாங்கள் மனு கொடுத்திருக்கிறோம். அது சமரசம் பேசும் குழுவே தவிரப் பணத்தை வசூலித்துத் தரும் நீதிமன்றம் அல்ல. ஆயினும் பதிவாகும் புகார்கள் கூடினால்தான் அந்த விற்பனையாளரின் பெயர் தூதரகத்தின் வணிகப் பிரிவு வரை போகும்.

அந்தத் தரகர் இப்போது வேறு நிறுவனப் பெயரில் அருமனை, மேல்புறம் பக்கம் வந்து போவதாக அறிகிறோம். 2025 மே மாதம் திறக்கப்பட்ட விழிஞ்ஞம் துறைமுகத்தைக் காட்டி, இனிமேல் பெட்டி வீட்டு வாசலிலேயே வந்து இறங்கும், தூத்துக்குடிச் செலவு மிச்சம் என்று பேசுகிறாராம். காட்டும் மாதிரிப் படங்களும், 47 என்ற அதே எண்ணும், 'இங்க எல்லாரும் இப்படித்தான் வாங்குறாங்க' என்ற அதே பேச்சும் மாறவில்லை. சான்றிதழில் கன்டெய்னர் எண்ணும் சீல் எண்ணும் வேண்டும் என்று கேளுங்கள். திருவட்டாரில் ஒருவர் அப்படிக் கேட்ட அன்றோடு தரகரின் தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின.